வாயை மூடிய கரிச்சான்

தொட்டிப்பாறைக் காட்டில் ஒரு கரிச்சான் குருவி இருந்தது. உடம்பு முழுக்க மைக்கறுப்பு. வாலில் நீளமாக இரண்டு கம்பி. ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் ஒரு குட்டித் துடுப்பு. அதன் பெயர் குறளி.

குறளிக்குச் சொந்தக் குரல் என்று ஒன்று உண்டா என்பது காட்டில் யாருக்கும் தெரியாது. குறளிக்கே தெரியாது! காலையில் கண் விழித்ததும் மைனா குரலில் கொட்டாவி விடும். பசித்தால் குயில் குரலில் முனகும். தும்மல் வந்தால் மட்டும் மலையணில் மாதிரி தும்மும்.

"கீ...ஈ...ஈ!" என்று வல்லூறு குரலில் ஒரு கத்துக் கத்தும். கீழே சருகு கிளறிக்கொண்டிருக்கும் தவிட்டுக்குருவிகள் வாயிலிருந்த புழுவைப் போட்டுவிட்டுப் புதருக்குள் பாயும். குறளி நிதானமாக இறங்கி வந்து புழுவைத் தின்னும். "ரொம்ப நன்றிங்! நாளைக்கும் வாங்க!" என்று தவிட்டுக்குருவி குரலிலேயே சொல்லிவிட்டுப் போகும்.

ஆனால் அதற்கு மிகப் பிடித்த விளையாட்டு தான்றி மரத்தில் இருந்தது.

அந்தத் தான்றி சரிவின் நட்டநடுவில் நின்றது. அடிமரத்துக்குப் பின்னால் யானை நின்றால் முன்னால் இருப்பவருக்குத் தெரியாது, அவ்வளவு பருமன். உச்சிக்குப் பக்கத்தில் ஒரு பொந்து. பொந்துக்குள் மஞ்சாடி என்ற இருவாச்சியும் அதன் குஞ்சும் இருந்தன.

இருவாச்சிக் குடும்பத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை பொந்துக்குள் நுழைந்து, மண்ணும் எச்சமும் குழைத்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டு வைக்கும். பாம்பு வராது. மரநாய் வராது. உள்ளே போனதும் தன் இறகுகளையும் உதிர்த்துவிடும். புது இறகு முளைக்கும்வரை அதனால் பறக்க முடியாது. அதுவரை ஆண் பறவைதான் அத்திப்பழம் கொண்டுவந்து கீறல் வழியே ஊட்ட வேண்டும். மஞ்சாடியின் வீட்டுக்காரர் பெயர் கொம்புசாமி. அலகுக்கு மேலே மஞ்சள் கொம்பு. குரலோ பானைக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கும்.

குறளி பொந்துக்குப் பக்கத்தில் போய் உட்காரும். "கொக்... கொக்..." என்று கொம்புசாமி குரலில் கூப்பிடும். கீறல் வழியே மஞ்சாடியின் அலகு ஆவென்று நீளும். பழம் வராது. சிரிப்புத்தான் வரும்!

"ஏன்டா, அடைச்சு உக்காந்திருக்கிற பொம்பளகிட்டயா உன்ற வெளையாட்டு?" என்று மஞ்சாடி உள்ளிருந்து திட்டும்.

கொம்புசாமி தூரத்தில் பறந்து வரும்போதே கண்டுபிடித்துவிடும். "டேய் குறளி! நீதானே?"

"நான் இல்லீங் மாமா, நீங்கதான்!" என்று கொம்புசாமி குரலிலேயே பதில் சொல்லிவிட்டுக் குறளி கம்பி நீட்டிவிடும்.

ஒருநாள் காலை. சரிவின் கீழ்ப்பக்கமிருந்து ஒரு புதுக் குரல் வந்தது.

"ர்ர்ர்ர்ங்ங்ங்! ர்ர்ர்ர்ங்ங்ங்!"

குறளி பல்கூட விளக்காமல் எழுந்து உட்கார்ந்தது. இந்தக் காட்டில் தன்னிடம் இல்லாத குரலா! அதெப்படி?

"அக்கா, இது யாரு?" என்று தான்றி மரத்தில் குடியிருந்த செவலை என்ற மலையணிலைக் கேட்டது.

"வண்டா இருக்கும்."

"இத்தனை பெரிய வண்டா?"

"அப்பப் பெரிய வண்டா இருக்கும். போய்ப் பாரேன். எனக்குப் பலாக்கொட்டை வேலை இருக்குது."

குறளி பறந்து போனது. வெயில் ஏறும்போது திரும்பி வந்தது. வரும்போதே "ர்ர்ர்ர்ங்ங்ங்!" என்று கத்திக்கொண்டு வந்தது. செவலை கொட்டையைக் கீழே போட்டுவிட்டது.

"வண்டு இல்லக்கா! மனுஷன் கையில இருக்குது. ஆரஞ்சு உடம்பு. நீளமா ஒத்த மூக்கு. மூக்கைச் சுத்திப் பல்லு!"

"மூக்கைச் சுத்தியா? வாய் எங்க?"

"வாயே கிடையாது."

செவலை நிமிர்ந்து உட்கார்ந்தது. பல் பற்றிய பேச்சென்றால் அதைவிட விவரம் தெரிந்தவர் அந்தக் காட்டில் கிடையாது. "சரி, அது என்ன திங்குது?"

"மரம்."

"மரத்துல என்ன? பட்டையா, காயா?"

"நடு மரம். இந்தப் பக்கம் நொழஞ்சு அந்தப் பக்கம் வந்துருது!"

"நல்ல பசிதான் போல!"

"ஆனா அக்கா, முழுங்க மாட்டேங்குது. கடிச்சதையெல்லாம் தூளாத் துப்பிப் போடுது."

செவலையின் வாய் நின்றது. "கடிச்சதைத் துப்புதா? பசிக்காமயா கடிக்குது? அப்ப அது எப்ப நிறுத்தும்?"

குறளி தலையைச் சொறிந்தது. நல்ல கேள்வி! இதைக் கேட்டுவரத் தோன்றவில்லையே! "இரு, நாளைக்குப் போய்ப் பார்த்துட்டு வர்றேன்."

மறுநாள் போனது. அதற்கடுத்த நாளும் போனது. போகப் போகக் குறளிக்குக் கொண்டாட்டம். அங்கே குரல்களுக்குப் பஞ்சமே இல்லை!

மஞ்சள் யானை ஒன்று இருந்தது. அதற்கு ஒரே ஒரு கை. கைநுனியில் மண்ணை வாரும் நகம். பின்னால் நடந்தால் "பீம், பீம், பீம்" என்று அழும்.

"முன்னால போறப்ப அழாதா?" என்று கொம்புசாமி கேட்டது.

"முன்னால போறப்ப மண்ணெலிங்க அழுவுது மாமா."

பிறகு மனிதர்கள். அவர்களுக்குத் தலைவர் வெள்ளிங்கிரி மேஸ்திரி. தொந்தி. கழுத்தில் விசில். "பீ...ப்!" என்று ஒரு தடவை ஊதினால் எல்லாரும் டீக்குப் போவார்கள். பல் முளைத்த மூக்கைப் பிடித்திருந்தவன் அமல்ராஜ். அவன் காதில் எப்போதும் இரண்டு சட்டி போலக் காதடைப்பான். அதனால் அவனுக்கு எதுவும் கேட்காது. மேஸ்திரி கையை அசைத்தால் வெட்டுவான். தடுத்தால் நிறுத்துவான்.

"எதுக்காம் இதெல்லாம்?" என்று செவலை கேட்டது.

குறளி தொண்டையைச் செருமி, வயிற்றை உப்பி, மேஸ்திரி குரலில் சொன்னது. "மேல மொதலாளி விடுதி கட்டறாரப்பா. கார் ஏற ரோடு வேணுமல்ல? காட்டைப் பார்க்கோணும்னு ஜனங்க எங்கிருந்தெல்லாமோ வருது!"

"காட்டைப் பார்க்க வர்றவங்களுக்காகக் காட்டை வெட்டுறாங்களா?" என்று உள்ளிருந்து மஞ்சாடி கேட்டது.

"அப்படித்தான் சொன்னாரு அத்தை."

"சரியாக் கேட்டியா?"

"நான் எப்பத் தப்பாக் கேட்டேன்?"

மாலை வந்தால் தான்றி மரத்தில் குறளியின் கச்சேரி நடக்கும். ரம்பம், மஞ்சள் யானை, விசில், மேஸ்திரியின் கைபேசி மணி, அமல்ராஜின் இருமல் எல்லாம் வரிசையாக வரும். செவலை வாலைத் தட்டிக்கொண்டு சிரிக்கும். மஞ்சாடி உள்ளே சிரிப்பது கீறல் வழியே கேட்கும். தவிட்டுக்குருவிகள்கூடப் பகையை மறந்து வந்து உட்காரும்.

பிறகு ஒருநாள் தவிட்டுக்குருவிகள் வரவில்லை. புதர் போய்விட்டது, புதரோடு அவையும் போய்விட்டன. ஓடையை மண் மூடியது. தவளைகளும் வரவில்லை. 'வேலையா இருப்பாங்க' என்று குறளி நினைத்துக்கொண்டது. நேற்றுத்தான் அது புதுக் குரல் ஒன்றைப் பிடித்திருந்தது. மரம் விழுவதற்கு முன்னால் அதன் வயிற்றுக்குள்ளிருந்து வருமே ஒரு முறிவு, அந்தக் குரல்! அதைச் சரியாகச் செய்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

இப்படியிருக்க, மேஸ்திரி ஒருநாள் தான்றி மரத்தடிக்கே வந்தார். கையில் சிவப்புப் பெயிண்டு. அடிமரத்தில் பெரியதாக ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனார்.

கொம்புசாமிக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தியாடா குறளி! நம்ம மரத்துக்குக் குங்குமம் வெச்சுட்டுப் போறாங்க. பெரிய மரம்னா மனுஷனுக்கும் ஒரு மரியாதை இருக்குதல்ல?"

"அப்படியா மாமா?" என்றது குறளி. அதற்கு ஒரு சந்தேகம். இந்தப் பொட்டை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே?

அது பறந்து போய்த் தேடியது. கீழே ஒரு வாகை மரத்தில் பொட்டு இருந்தது. மறுநாள் போய்ப் பார்த்தால் வாகை படுத்திருந்தது. பக்கத்துப் பலாவில் பொட்டு. பலாவும் படுத்தது. பொட்டு இல்லாத மரம் ஒன்று நின்றது. மேஸ்திரி வந்து பொட்டு வைத்தார். அதுவும் படுத்தது!

குறளி அன்றைக்குக் கச்சேரி செய்யவில்லை. நேராகக் கொம்புசாமியிடம் போனது.

"மாமா, அது குங்குமம் இல்லீங். அடுத்து எதைக் கடிக்கறதுன்னு வெக்கிற அடையாளம்."

"டேய், வெளையாடாதே."

"வெளையாடல மாமா. பாருங்க, என்ற குரல்லதான் பேசறேன்."

கொம்புசாமி அதை உற்றுப் பார்த்தது. குறளியின் சொந்தக் குரலை அது கேட்பது அதுதான் முதல் தடவை. மெல்லியதாக, கீச்சென்று, ஒன்றுக்கும் உதவாத குரலாக இருந்தது. அதனாலேயே கொம்புசாமி நம்பியது.

"மஞ்சாடி, வெளிய வந்துரு! இப்பவே சுவத்தை ஒடை!"

"வந்து எப்படிப் பறக்கிறதுங்? எனக்கு எறகு பாதிதான் மொளைச்சிருக்குது. புள்ளைக்கு ஒண்ணுமே இல்ல, உரிச்ச பழமாட்டக் கிடக்குது. மரம் விழுந்தா நாங்களும் விழுந்தோம்." மஞ்சாடி கீறல் வழியே அலகை நீட்டியது. "எறகு மொளைக்கிற மட்டும் மரம் நிக்கோணும். அது போதும் எனக்கு."

கொம்புசாமி குறளியைப் பார்த்தது. குறளி மஞ்சாடியின் கீறலைப் பார்த்தது. எத்தனை தடவை அந்த அலகை ஏமாற்றியிருக்கிறோம்!

"நிக்கும் அத்தை. நான் பார்த்துக்கறேன்!"

சொல்லிவிட்டது. எப்படிப் பார்த்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. ஆகவே போய் வேடிக்கை பார்த்தது. மேஸ்திரி எப்போது தயங்குகிறார்? எதற்குப் பயப்படுகிறார்? நாள் முழுக்கப் பார்த்தது.

மேஸ்திரிக்கும் ஒரு வழக்கம் இருந்தது. பெரிய மரத்தில் கை வைக்கும் முன்னால் கற்பூரம் ஏற்றுவார். தேங்காய் உடைப்பார். பிறகு கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நிற்பார். அன்றைக்கு அப்படி நின்றபோது மரப்பட்டையிலிருந்து ஒரு பல்லி, "ச்ச்ச்... ச்ச்ச்..." என்றது. மேஸ்திரி துள்ளிப் பின்னால் வந்தார்.

"பல்லி சொல்லிப்போட்டுது! இன்னைக்கு இது வேண்டாம். அடுத்ததைப் பாரு!"

குறளியின் வால் தானாக ஆடியது. பல்லியா? இவ்வளவுதானா!

தான்றியின் முறை வந்தது. மேஸ்திரி கற்பூரம் ஏற்றினார். தேங்காய் உடைத்தார். கண்ணை மூடினார்.

"ச்ச்ச்... ச்ச்ச்..."

"அட, இங்கேயும் பல்லியா? சரி, நாளைக்குப் பார்த்துக்கலாம்."

மறுநாள், "ச்ச்ச்... ச்ச்ச்..."

அதற்கடுத்த நாள் பல்லி கொஞ்சம் கோபமாகச் சொன்னது. மேஸ்திரி மரத்தைச் சுற்றி வந்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஏனுங் மேஸ்திரி, ஒரே மரத்துல தெனமும் பல்லி சொல்லுமா?" என்று அமல்ராஜ் காதடைப்பானைக் கழற்றிவிட்டுக் கேட்டான்.

"சொல்லுது, நான் என்ன பண்ணட்டும்?"

மரத்தடியில் ஆள் நின்றால் கொம்புசாமி பொந்துக்கு வராது. கூடு இருக்கும் இடத்தை யாருக்கும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதும் இருவாச்சி வழக்கம். அதனால் ஆட்கள் நிற்கும் நேரமெல்லாம் தாயும் குஞ்சும் பட்டினி. குறளி அதற்கும் வழி கண்டுபிடித்தது. "பீ...ப்!" என்று விசில் ஊதும். எல்லாரும் கருவியைப் போட்டுவிட்டு டீக்குப் போவார்கள். மேஸ்திரி மட்டும் தன் விசிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் போவார். அந்த இடைவெளியில் கொம்புசாமி பறந்து வந்து பழத்தை ஊட்டிவிட்டுப் போகும். மேஸ்திரி திரும்பி வந்தால் "டிங்கிடி டிங்கிடி" என்று கைபேசி மணி. மேஸ்திரி சட்டைப்பையைத் தடவுவார். கால்சட்டைப்பையைத் தடவுவார். கைபேசி கையிலேயே இருக்கும்!

குறளிக்கு இது போதாதா? போதவில்லை! இத்தனை அருமையாகச் செய்கிறோம், யார் செய்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லையே என்று அதற்கு ஒரே அரிப்பு.

ஒருநாள் காலை மேஸ்திரி மரத்தடியில் கற்பூரத்தோடு நின்றார். குறளி பல்லி சொன்னது. மேஸ்திரி பின்வாங்கினார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அது ஒரு படி கீழ்க்கிளைக்கு வந்தது. விசில் ஊதியது. மணி அடித்தது. ரம்பம் ஓட்டியது. பிறகு வயிற்றை உப்பிக்கொண்டு, "ஏய் அமலு! டீயில சக்கரை போடச் சொன்னனா இல்லியாடா!" என்றது.

மேஸ்திரி மெதுவாக அண்ணாந்து பார்த்தார். தலைக்கு நேர் மேலே ஒரு கறுப்புப் பறவை, வாயைத் திறந்தபடி.

"அடக் கள்ளப்பயலே! நீயா பல்லி?"

அவர் தொந்தி குலுங்கச் சிரித்தார். ஆட்களெல்லாம் ஓடிவந்து பார்த்துக் கைதட்டிச் சிரித்தார்கள். "இனி இந்த மரத்துல எந்தச் சத்தம் வந்தாலும் இவன்தான்! அமலு, நாளைக்கு மொத வேலை இது!"

இவ்வளவு கைதட்டல் குறளியின் ஆயுளில் கிடைத்ததில்லை. ஏன் இப்படிக் கசக்கிறது?

"டேய் குறளி, நீதானே?" என்று கொம்புசாமி வந்து கேட்டது. திட்டவில்லை. வெறுமனே கேட்டது.

"நான்தாங் மாமா," என்றது குறளி.

மறுநாள் விடிந்தது. செவலை வாயில் இரண்டு பலாக்கொட்டையோடு தான்றியை விட்டுக் கிளம்பியது. மரம் விட்டு மரம் தாவிப் போகலாமென்றால் பக்கத்தில் மரமே இல்லை. தரையிறங்கித்தான் நடக்க வேண்டும்.

"நான் கேட்டதுக்குப் பதில் கிடைச்சுதாடா? அது எப்ப நிறுத்தும்?"

"இல்லக்கா."

"பசிக்காகக் கடிக்கிறவன் வயிறு ரொம்பினா நிறுத்துவான். இதுக்கு வயிறே இல்லியே! எங்க நிறுத்தப் போகுது?" என்று சொல்லிவிட்டுச் செவலை போனது.

ஆட்கள் வந்தார்கள். அமல்ராஜ் ரம்பத்துக்கு எண்ணெய் ஊற்றினான். குறளி விசில் ஊதியது. யாரும் நகரவில்லை. பல்லி சொன்னது. "சொல்லு ராசா, சொல்லு!" என்று மேஸ்திரி சிரித்தார். சிறுத்தை குரலில் உறுமியது. ஒருத்தன் கைதட்டி, "அடுத்தது யானை!" என்று கேட்டான். தன்னிடமிருந்த எல்லாக் குரலையும் குறளி கொட்டிப் பார்த்தது. கொட்டக் கொட்டச் சிரிப்புத்தான் கூடியது.

அமல்ராஜ் காதடைப்பானை மாட்டினான். மேஸ்திரி தேங்காயைக் கல்லில் அடித்தார். படீர்!

அந்தச் சத்தத்தில் மரத்துக்குள் மஞ்சாடி பயந்து அலறியது. "கெக்! கெக்! கெக்!" அதோடு குஞ்சும் சேர்ந்து வீறிட்டது.

"கேட்டீங்களா, புதுசா ஒண்ணு பாடறான்!" என்றார் மேஸ்திரி.

குறளி கிளையில் உறைந்து உட்கார்ந்தது. அது பாடவில்லையே! உண்மையான குரல் வந்திருக்கிறது, அதையும் இவர்கள் என் குரல் என்கிறார்கள்! நான் பொய்யாகக் கத்திய ஒவ்வொரு கத்தும் இப்போது மஞ்சாடி அத்தையின் வாயை அடைக்கிறது. இனி நான் எந்தக் குரலில் கத்தினால் நம்புவார்கள்? எந்தக் குரலில்?

எந்தக் குரலும் வேண்டாம்!

அமல்ராஜ் ரம்பத்தின் கயிற்றை இழுத்தான். "ர்ர்ர்..." என்று வந்து நின்றுபோனது.

குறளி கிளையை விட்டு இறங்கியது. மேஸ்திரிக்கு எதிரே, கை எட்டும் தூரத்தில், எண்ணெய்க் கேனின் மேல் வந்து உட்கார்ந்தது. அவர் முகத்தையே பார்த்தது. அலகை இறுக்க மூடிக்கொண்டது.

"என்னடா, சரக்கு தீர்ந்துபோச்சா?" என்றார் மேஸ்திரி.

குறளிக்குத் தொண்டை அரித்தது. 'சரக்கு தீர்ந்துபோச்சா?' என்று அவர் குரலிலேயே திருப்பிச் சொல்ல நாக்கு துடித்தது. அது அசையவில்லை.

அமல்ராஜ் இன்னொரு தடவை இழுத்தான். "ர்ர்ர்ர்..." நின்றது.

"கெக்! கெக்! கெக்!"

மேஸ்திரி சிரிக்க வாயெடுத்தார். எடுத்த வாய் அப்படியே நின்றது. கறுப்புப் பறவை இங்கே உட்கார்ந்திருக்கிறது. அலகு மூடியிருக்கிறது. தொண்டைகூட அசையவில்லை. அப்படியென்றால் மேலே கத்துவது யார்?

அவர் குறளியைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். மறுபடி குறளியைப் பார்த்தார். குறளி இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டது.

"கெக்! கெக்!" அதன் பின்னால் மெல்லியதாகக் குஞ்சின் குரல்.

மேஸ்திரி நாலடி பின்னால் போய், நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார். பொந்து. பொந்தில் மண்பூச்சு. பூச்சின் நடுவே ஒரு கீறல். கீறலில் ஒரு அலகு.

அமல்ராஜ் மறுபடி இழுத்தான். ரம்பம் பிடித்துக்கொண்டது. "ர்ர்ர்ர்ங்ங்ங்ங்!"

"நிறுத்து! அமலு, நிறுத்துடா!" அவனுக்கு எங்கே கேட்கும்? மேஸ்திரி பாய்ந்து போய் அவன் தோளைப் பிடித்து இழுத்தார். ரம்பத்தின் பல் பட்டையில் ஒரு கடி கடித்துவிட்டுத்தான் நின்றது.

"என்னாச்சுங்?"

"உள்ள ஒருத்தி புள்ளைய வெச்சுட்டு அடைஞ்சு உக்காந்திருக்கா. இருவாச்சிடா! பூசி அடைச்சிருக்குது. அவளால வெளிய வர முடியாது. இதுல கை வெச்சா நம்ம ஊட்டுல வெளக்கு எரியுமா?"

அவர் கைபேசியை எடுத்து ரோடு போடும் இன்ஜினியரிடம் பேசினார். அந்தப் பக்கம் போட்ட சத்தத்தில் கைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார். "திட்டுங்க, திட்டுங்க. நல்லாத் திட்டுங்க. ஆனா ரோடு இந்த எடத்துல கொஞ்சம் வளைஞ்சு போகட்டும். வளைஞ்ச ரோட்டுலயும் கார் ஓடுமுங்!"

ரோடு வளைந்தது. தான்றி நின்றது.

தான்றி மட்டும் நின்றது. சரிவில் மிச்சமிருந்த மரங்களைக் காப்பாற்ற அவற்றுக்குள் யாரும் அடைந்திருக்கவில்லை. அத்தி மரங்கள் போயின. கொம்புசாமி விடிந்தவுடன் புறப்பட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வரும். முன்பு கழுத்து நிறையப் பழம் கொண்டுவரும். இப்போது வாய்க்கு ஒன்றுதான் கிடைத்தது. இருந்தாலும் மஞ்சாடியின் இறகு முளைத்தது. குஞ்சுக்கும் முளைத்தது.

ஒரு காலையில் மஞ்சாடி உள்ளிருந்து சுவரைக் கொத்தியது. மண் உதிர்ந்தது. தலை வந்தது. உடம்பு வந்தது. கிளையில் உட்கார்ந்து இறகை உதறிக்கொண்டு சுற்றிலும் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது.

"ஏனுங், நாம வேற எடத்துக்கு வந்துட்டமா?" என்று கொம்புசாமியைக் கேட்டது.

கொம்புசாமி, தாயின் பின்னால் வெளியே வந்த குஞ்சின் இறகைக் கோதிவிட்டது.

"நான் உள்ள போறப்ப இங்க ஒரு காடு இருந்துதல்ல?"

"இருந்துது," என்றது கொம்புசாமி.

அன்றைக்கே அவை கிளம்பின. எதிர்மலையில் இன்னும் அத்தி இருக்கிறதாம். "நீயும் வர்றியாடா?" என்று கொம்புசாமி கேட்டது.

"நீங்க போங்க மாமா. எனக்கென்ன? எல்லார் குரலும் என்கிட்ட இருக்குது!" என்றது குறளி.

மூன்று பறவைகளும் போய்ப் புள்ளியாகிக் கரைந்தன. குறளி தான்றியின் உச்சியில் தனியாக உட்கார்ந்தது. செவலை மாதிரி தும்மியது. தவிட்டுக்குருவி மாதிரி சண்டை போட்டது. ஓடைத் தவளைகள் மொத்தமும் பாடுவது போலப் பாடியது. பிறகு பொந்துக்குப் பக்கத்தில் போய், "கொக்... கொக்..." என்று கூப்பிட்டது. அலகு எதுவும் நீளவில்லை.

குறளி காத்திருந்தது. இப்போது ஒரு குரல் வர வேண்டும். எப்போதும் வருமே!

வரவில்லை. கடைசியில் கொம்புசாமியின் குரலை எடுத்துத் தானே சொல்லிக்கொண்டது. "டேய் குறளி! நீதானே?"

அச்சு அசல் அதே குரல். ஆனாலும் சிரிப்பு வரவில்லை.

கீழே டீ குடித்துக்கொண்டிருந்த மேஸ்திரி டம்ளரை இறக்கினார். அவர் முகம் மலர்ந்தது. "அமலு, கேட்டியா? இங்க இன்னும் எத்தனை உசுரு இருக்குது பாரு! நம்ம ஒண்ணும் பெருசா அழிச்சுப்போடல!" எழுந்து மரத்தைச் சுற்றி வந்து தேடினார். அணிலைத் தேடினார். தவளையைத் தேடினார். உச்சியில் ஒரே ஒரு கறுப்புப் பறவைதான் இருந்தது.

அமல்ராஜ் காதடைப்பானைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். "கடைசியா ஒண்ணு கத்துச்சே, பானைக்குள்ள இருந்து பேசற மாதிரி. அது யார் குரலுங் மேஸ்திரி?"

மேஸ்திரி யோசித்துப் பார்த்தார். கீழே மரம் மரமாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தபோது தினமும் கேட்ட குரல்தான். ஒருநாளும் நின்று கேட்டதில்லை.

"தெரியலியேடா," என்றார். டீ ஆறிப் போயிருந்தது.

குறளி இறகை விரித்தது. தன்னைத் திட்டுவதற்கு யாராவது இருக்கும் இடத்தைத் தேடி எதிர்மலைக்குப் பறந்து போனது.

ஒரு குரலை எவ்வளவு அச்சு அசலாகப் பழகி வைத்திருந்தாலும், அந்தக் குரல் குடியிருந்த காட்டை அழித்துவிட்டால் நம்மிடம் மிஞ்சுவது பதில் வராத கூப்பாடு மட்டுமே.